கருவுறுதலில் உப்பயனிகளின் பங்கு

கடல்வாழ் உயிர்கள் பலவற்றின் கருவுறுதல் தாயுடலின் அகத்தே நிகழாது, புறத்தே கடல்நீரிலேயே நிகழ்கின்றது. அந்நீரில் கரைந்துள்ள உப்புகள் அந்நிகழ்ச்சிக்கு வெறுஞ் சூழலாக அமைவனவா, அன்றி அதில் தாமே பங்குகொள்வனவா? இவ்வினாவைக் கடல் முள்ளெலியின் முட்டையைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1899-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் ஆய்வுக்கூடத்தில் ஜாக் லோயெப் என்பார், மெக்னீசியம் குளோரைடு கலந்த கடல்நீரில் இம்முட்டைகளைச் சிறிது நேரம் வைத்துப் பின்னர் இயல்பான கடல்நீருக்கு மாற்றினார். விந்தணுவின் தொடர்பின்றியே அவை பிளவுற்று இளவுயிர்களாக வளர்ந்தன. மெக்னீசிய அயனியே இதற்குக் காரணம் என அவர் முதற்கண் கருதினார். பிற உப்புகளும் சர்க்கரையுங்கூட அதே விளைவைத் தரக் கண்டு, கரைசலின் செறிவு மிகுதலே காரணம் எனப் பின்னர்க் கொண்டார். அயனிக் கருத்து இவ்வாறு தளர்ந்ததாயினும், பிற்கால ஆய்வுகளில் வேறு வடிவில் மீண்டும் நிலைபெற்றது.

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 10.8 கிராம் சோடியமும் 0.4 கிராம் கால்சியமும் உள்ளன. அளவிற் சிறிய கால்சியமே முதலில் வேண்டப்படுகின்றது. முட்டையைச் சூழ்ந்த கூழுறையை விந்தணு தொட்டதும், நீரிலுள்ள கால்சிய அயனிகள் விந்தணுவினுட் புகுகின்றன. அதன் நுனியிலுள்ள நுண்பை திறந்து, முட்டையைப் பற்றுதற்குரிய நீட்சி தோன்றுகின்றது. கால்சியம் நீக்கிய நீரில் இது நிகழாது, கருவுறுதலும் இல்லை.

அடுத்து வருவது சோடியத்தின் பணி. விந்தணுக்கள் பல புகின் கரு சிதைந்து அழியும். முட்டைச் சவ்வின் உட்புறம் இயல்பில் எதிர்மின் நிலையில் உள்ளது. முதல் விந்தணு இணைந்தவுடன் சோடிய அயனிகள் உட்புக, அது சில நொடிகளில் நேர்மின் நிலையை எய்துகின்றது. அந்நிலையில் பிற விந்தணுக்கள் இணைய இயலா. இம்மின் தடையை 1976-இல் லாரிண்டா ஜாஃபி எடுத்துக்காட்டினார்.

இத்தடை நெடிது நில்லாது. நிலையான காப்பினை அமைப்பது மீண்டும் கால்சியமே; ஆயின் இம்முறை அது முட்டையின் உட்சேமிப்பிலிருந்து வெளிப்படுகின்றது. அதன் அலை முட்டை முழுதும் பரவ, ஓரத்து நுண்மணிகள் தம் பொருளை வெளிவிட்டுக் கருவுறை எழுகின்றது, வளர்ச்சியும் தொடங்குகின்றது. 1974-இல் ஸ்டைன்ஹார்ட்டும் ஈப்பலும், உட்கால்சியத்தை விடுவிக்கும் வேதிப்பொருளை இட்டு, கால்சியமற்ற நீரிலும் விந்தணுவின்றி முட்டையைத் தூண்டினர்.

எனவே ஒரே அயனி, புறத்தே நின்று விந்தணுவையும், அகத்தே எழுந்து முட்டையையும் இயக்குகின்றது. எவ்வயனி என்பதோடு, எவ்விடத்து, எந்நொடியில் என்பதையும் வினவுதல் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் தெளிவாகும்.