தெளிவான பணியிலக்கு அவசியம்

அறிவும் ஆற்றலும் நிறைந்த சிலர் காரியாலயங்களில் ‘சோம்பேறி’ எனப் பெயரெடுத்து, ஈற்றில் தொழிலையும் இழந்து நிற்பதுண்டு. அவர்களுள் அஸ்பேர்கர் நிலையுடையோரும் அடங்குவர்.

வியன்னா நகர வைத்தியர் ஹான்ஸ் அஸ்பேர்கர் 1944 இல் விவரித்த இந்நிலையை, அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் ஓட்டிசம் என்ற பரந்த வகைக்குள் உள்ளடக்கியது. இந்நிலையுடையோர் பலர் தமக்கு ஈடுபாடுள்ள விடயத்தில் மணிக்கணக்கில் மூழ்கியிருப்பர். ஆயின் வேலையைத் தொடங்குவதும், ஒன்றை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதும், முதலில் செய்ய வேண்டியது எதுவெனத் தீர்மானிப்பதும் அவர்களுக்குக் கடினமாகும்.

‘இக்கோவைகளைச் சீர்செய்யுங்கள்’ என்ற பணிப்பை எடுத்துக்கொள்வோம். எங்கே தொடங்குவது, எவ்வளவு செய்தால் போதும் என்பன அதில் இல்லை. ஆகவே ஒரே கோவையைத் திருத்தித் திருத்தி மாலையாகிவிடும். ஏனையவை தொடப்படாமலேயே கிடக்கும். ‘நண்பகலுக்கு முன் 10 கோவைகளை ஆண்டு வரிசையில் அடுக்குங்கள்’ என்பதோ தொடக்கம், அளவு, முடிவு ஆகிய மூன்றையும் உணர்த்துகின்றது.

இத்தகைய சிறு இலக்குகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்து, முடிந்ததும் கோடிட்டு நீக்குவது நல்லது. இன்னும் செம்மைப்படுத்தலாம் எனத் தோன்றினாலும் குறித்த அளவில் நிறுத்திவிட வேண்டும். இலக்கு தவறினால் தம்மை நொந்துகொள்ளாது, மறுநாள் 10 என்பதை 6 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். வேலையில் மாற்றம் நேரின் மேலதிகாரி அதனை முன்கூட்டியே அறிவிப்பது அவசியமாகும்.

இதற்குப் பணச்செலவு எதுவுமில்லை. ஊழியர் ஒருவரைச் சோம்பேறி என முடிவுகட்டுமுன், இட்ட வேலை எங்கே முடிகிறது என்பதைத் தெளிவாகச் சொன்னோமா என்று மேலதிகாரிகள் எண்ணிப்பார்க்க வேண்டும்.