'நீக்கு' என்று தொட்டால் எது நீங்குகிறது?

பழைய போனைத் தம்பி மகனுக்குக் கொடுக்கப்போகிறார் ஒரு வாசகர். அதன் வாலட்டில் மூன்று கார்டுகள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை அவர் தொட்டே வருஷக்கணக்காகிறது. "கார்டைத் தொட்டு 'நீக்கு' என்று கொடுத்துவிட்டால் போதுமா? கார்டு எண் போனுக்குள் ஏதாவது மூலையில் ஒட்டிக்கொண்டிருக்காதா?" என்று கேட்கிறார்.

நீக்கினால் போதும். மூலையில் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. ஏனென்றால் அவர் அஞ்சுகிற அந்தப் பதினாறு இலக்க எண் அந்தப் போனில் தங்கியதே இல்லை.

கார்டைச் சேர்த்த அன்று கேமராவில் காட்டியோ கையால் தட்டியோ கொடுத்த எண், மறையாக்கப்பட்டுக் கார்டு நிறுவனத்துக்குப் போனது. வங்கி ஓடிபி கேட்டு ஆளை உறுதிசெய்துகொண்டது. பதிலுக்குப் போனுக்கு வந்து சேர்ந்தது வேறோர் எண். அதுதான் டோக்கன். பார்ப்பதற்கு அசல் கார்டு எண் போலவே இருக்கும்: விசா என்றால் 4-இல் தொடங்கும், கடைசி இலக்கத்தை வைத்துச் செய்யும் சரிபார்ப்பிலும் தேறிவிடும். கடையிலுள்ள மெஷினுக்கு வித்தியாசம் தெரியாமல், பழைய மெஷின்களை மாற்றாமலே வேலை நடக்க வேண்டும் என்பதற்காக அப்படி வடிவமைத்தார்கள்.

கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குகிறோமே, அதை எடுத்துக்கொள்வோம். செருப்புதான் கார்டு. அலமாரி என்பது கார்டு நிறுவனத்தின் டோக்கன் பெட்டகம். கையில் வாங்கும் தகடு, போனில் இருப்பது. கிழக்கு வாசலில் வாங்கிய 37-ஆம் தகடு தெற்கு வாசலில் செல்லாது. உங்கள் போனுக்கென்று தந்த டோக்கனும் இன்னொரு போனில் செல்லாது. இந்த அலமாரிக்காரர் ஒரே ஜோடிக்குப் பல தகடுகள் கொடுப்பார்: போனுக்கு ஒன்று, கைக்கடிகாரத்துக்கு ஒன்று, மளிகை வாங்கும் செயலிக்கு ஒன்று. ஒரு தகட்டை ரத்துசெய்தால் மற்றவை செல்லும். செருப்பு தேய்ந்து புது ஜோடி வந்தால், அதாவது கார்டு காலாவதியாகிப் புதியது வந்தால், அலமாரியில் ஜோடியை மட்டும் மாற்றி வைத்துவிட்டு அதே தகட்டை ஓடவிட முடியும். இன்னும் ஒரு படி போவோம். தகட்டை நீட்டினால் மட்டும் செருப்பு வராது. இதற்குமுன் சொல்லாத ஒரு சொல்லை ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். அது சரியான சொல்லா என்று அலமாரிக்காரர் தாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவார். எந்தக் கோயில் வாசலிலும் இப்படி நடக்காது. ஆனால் இந்த ஏற்பாட்டின் உயிர் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

போனை மெஷின் அருகே கொண்டுபோனதும் மெஷின் சில விவரங்களை அனுப்புகிறது: எவ்வளவு தொகை, எந்த நாணயம், என்ன தேதி, கூடவே அந்த நொடியில் தோன்றிய, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத 4 பைட் எண் ஒன்று. போன் தன் பங்குக்கு ஓர் எண்ணிக்கையைச் சேர்க்கிறது. டோக்கன் பிறந்ததிலிருந்து இது எத்தனையாவது கொடுக்கல் என்பதுதான் அந்த எண்ணிக்கை. இவை எல்லாவற்றையும் தன்னிடமுள்ள ரகசியச் சாவியோடு பிசைந்து 8 பைட் நீளத்தில் ஒரு குறியீட்டை உருவாக்கி நீட்டுகிறது. கிரிப்டோகிராம் என்பார்கள். டோக்கனும் கிரிப்டோகிராமும் கடையின் வங்கி வழியாகக் கார்டு நிறுவனத்துக்குப் போகின்றன. அங்கே அதே சாவியைக் கொண்டு அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள். விடை ஒத்துப்போனால் பெட்டகத்தில் டோக்கனுக்குரிய அசல் எண்ணை எடுத்து உங்கள் வங்கியைக் கேட்கிறார்கள். பில் போடுபவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த எண்ணிக்கை. அது ஏறும், ஒருபோதும் இறங்காது. வழியில் யாராவது இந்தப் பரிமாற்றத்தை அப்படியே பதிவுசெய்து மறுபடி அனுப்பினால், எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும். தொகையை 200-லிருந்து 2,000 ஆக்கினால் கிரிப்டோகிராம் ஒத்துப்போகாது. எண்ணிக்கைக்கு ஒதுக்கிய இடம் 2 பைட்தான் என்பதால் அது 65,535-க்கு மேல் ஏற வழியில்லை. நாளுக்குப் பத்துமுறை தட்டினாலும் தீர ஏறத்தாழ 18 வருஷம் ஆகும். எதை எவ்வளவு சிக்கனமாக வைத்தால் எவ்வளவு காலம் தாங்கும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை அழகானது.

வரலாறு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடுபோனது. கார்டு நிறுவனங்கள் கூட்டாக நடத்தும் இ.எம்.வி.கோ 2014-இல் டோக்கனுக்கான பொது விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் பே வந்தது. நம் நாட்டில் 2016-இல் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகள் பற்றியும் இதே கவலை எழுந்தது. ரிசர்வ் வங்கி 2019 ஜனவரியில் டோக்கன் முறைக்கு அனுமதி தந்தது.

"போனே இனி பர்ஸ்", "புரட்சிகரப் பாதுகாப்பு" என்று அன்றிலிருந்து விளம்பரங்கள் சொல்லிவருகின்றன. ஆனால் ஒருமுறை மட்டும் செல்லும் அந்தக் குறியீட்டைப் போன் நிறுவனங்கள் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் பிளாஸ்டிக் கார்டின் தங்கநிறச் சில்லு செய்வதும் அதே வேலைதான். அதன் விதிகள் 1990-களின் நடுவிலேயே எழுதப்பட்டவை. போன் புதிதாகச் சேர்த்தவை இரண்டு: அசல் எண்ணுக்குப் பதில் டோக்கன், பின் நம்பருக்குப் பதில் விரல்ரேகையோ முகமோ. இரண்டும் நல்லவை. அவற்றை அந்த அளவில் சொன்னால் போதும்.

இப்போது 'நீக்கு' பொத்தானுக்கு வருவோம். அதைத் தொட்டதும் இரண்டு இடங்களில் வேலை நடக்கிறது. போனில் சாவி அழிகிறது. ஐபோன் என்றால் அதற்கென்றே உள்ள தனிச் சில்லிலிருந்து அழியும். பல ஆண்ட்ராய்டு போன்களில் சில தடவைகளுக்கு மட்டும் செல்லுகிற சாவிகளை இணையம் வழியாக அவ்வப்போது நிரப்பிக்கொள்ளும் முறை இருக்கிறது. அங்கே கையிருப்பு அழிந்து, நிரப்புவதும் நின்றுவிடும். இரண்டாவது வேலை பெட்டகத்தில்: அந்த டோக்கன் ரத்தானதாகக் குறிக்கப்படுகிறது. நாளைக்கே அதே கார்டை அதே போனில் சேர்த்தாலும் பழைய எண் திரும்பாது, புது டோக்கன்தான் வரும். திரைப் பூட்டை முழுவதுமாக எடுத்துவிட்டாலும் ஐபோனும் கூகுள் வாலட்டும் தட்டிப் பணம் கட்டும் வசதியைத் தாமாகவே அழித்துவிடும். பூட்டில்லாத போனில் சாவி இருக்கக் கூடாது என்பது விதி.

பெட்டகம் வேறெங்கோ இருப்பதால்தான் இன்னொன்றும் முடிகிறது. போன் தொலைந்து, அணைந்து, ஏதோ ஒரு கால்வாயில் கிடந்தாலும் வங்கியை அழைத்து அதிலுள்ள டோக்கனை முடக்கலாம். அந்தப் போனுக்குச் சிக்னல் தேவையில்லை. பிறகு எவராவது எடுத்துச் சார்ஜ் போட்டால் கார்டின் படம் திரையில் தெரியலாம். தட்டினால் மறுப்புத்தான் வரும். தற்காலிகமாக முடக்கிய டோக்கனைப் போன் கிடைத்ததும் உயிர்ப்பிக்க முடியும், ரத்தானதை முடியாது. ஆகவே வீட்டுக்குள் எங்கோ வைத்துத் தேடுகிறவர்கள் முதலில் முடக்கச் சொல்வது நல்லது.

நீங்காதவற்றை அறிந்துகொள்வது இதைவிட முக்கியம். போனில் நீக்கியதால் கார்டு மூடப்படுவதில்லை. ஆண்டுக் கட்டணம் இருந்தால் அது வரத்தான் செய்யும். கைக்கடிகாரத்தின் டோக்கன் தனி, அதையும் நீக்க வேண்டும். கடைச் செயலிகளில் சேமித்தவையும் அப்படியே இருக்கும். 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர்கள் அசல் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது என்பதால் அவர்களிடம் இருப்பதும் டோக்கன்தான். உங்கள் கார்டுக்கு எந்தெந்தக் கடைகளிடம் டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலைக் காட்டி, வேண்டாததை நீக்கும் வசதியை வங்கி தந்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021-லேயே சொல்லிவிட்டது. பல வங்கிச் செயலிகளில் அது கார்டு அமைப்புகளுக்குள் ஆழத்தில் புதைந்திருக்கிறது. தேடிப் பிடியுங்கள். மாதச் சந்தாவுக்குக் கொடுத்த தானியங்கி அனுமதியைத் தனியே ரத்துசெய்ய வேண்டும். க்யூ.ஆர். ஸ்கேன் செய்து வங்கிக் கணக்கிலிருந்து நேரே அனுப்பும் யு.பி.ஐ.க்கும் மேலே சொன்ன டோக்கனுக்கும் தொடர்பில்லை.

என்னைக் கவலைப்படவைப்பது வேறொன்று. டோக்கனை உடைப்பது கடினம் என்று திருடர்களுக்கும் தெரியும். அதனால் அவர்கள் உடைக்க முயல்வதில்லை, புதிதாக ஒன்றைக் கேட்டு வாங்குகிறார்கள். உங்கள் கார்டு எண்ணை எப்படியோ பெற்று, தங்கள் போனின் வாலட்டில் சேர்த்து, வங்கி அனுப்பும் ஓடிபியை உங்களிடமே பேசி வாங்கிவிடுகிறார்கள். ஆப்பிள் பே வந்த சில மாதங்களிலேயே, 2015 தொடக்கத்தில், திருட்டுக் கார்டுகளை இப்படி வாலட்டில் ஏற்றுவது அமெரிக்க வங்கிகளுக்குத் தலைவலியானது. அப்படி உருவான டோக்கன் முறைப்படி பிறந்தது. அதன் ஒவ்வொரு கிரிப்டோகிராமும் சரியாக இருக்கும். உங்கள் போனிலிருந்து கார்டை நீக்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. "உங்கள் கார்டு புதிய கருவியில் சேர்க்கப்பட்டது" என்று நீங்கள் செய்யாத ஒன்றுக்குக் குறுஞ்செய்தி வந்தால் அதே நிமிடம் வங்கியை அழைத்து, கார்டை முடக்குவதோடு அதன் பேரிலுள்ள எல்லா டோக்கன்களையும் ரத்துசெய்யச் சொல்லுங்கள்.

கடிதம் எழுதியவருக்கு ஒரு சிறு குறிப்பு. அந்தப் போனால் தட்டி வாங்கிய பொருள் எதையாவது திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். ரசீதில் அச்சாகியிருக்கும் கடைசி நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் டோக்கனுடையவை, உங்கள் பிளாஸ்டிக் கார்டில் உள்ளவை அல்ல. நீக்கும் முன் வாலட்டில் கார்டின் விவரப் பக்கத்தைத் திறந்து அந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்றையும் நீக்கி, போனையே முழுவதுமாக அழித்துவிட்டு, பையனிடம் கொடுங்கள்.