மிதித்தேன், கார் நிற்கவில்லை
கண்டாலா மலை இறக்கத்தில் சில விநாடிகளும், அதற்குப் பிறகு ஒரு மெக்கானிக் சொன்ன கசப்பான உண்மையும்

பிரேக் மிதி தரையைத் தொட்டபோது கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு முறை மிதித்தேன். பஞ்சுப் பொதியில் கால் வைத்ததுபோல் உள்ளே போயிற்று. மறுபடி மிதித்தேன். அதே பஞ்சு. முன்னால் தார்ப்பாய் போர்த்திய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்த ‘ஹார்ன் ஓகே ப்ளீஸ்’ வேகமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

2011 ஆகஸ்ட் மாதம். புணேயில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு நானும் மனைவியும் மும்பை திரும்பிக்கொண்டிருந்தோம். லோணாவளாவில் வழக்கம்போல் சிக்கி வாங்கினோம். அங்கிருந்து கோபோலி வரை போர் காட் எனப்படும் மலைப்பாதை. சுமார் 600 மீட்டர் உயரத்திலிருந்து சில கிலோமீட்டருக்குள் சமவெளிக்கு இறங்கிவிட வேண்டும். அமிர்தாஞ்சன் பாலத்தைக் கடந்ததும் (தலைவலித் தைலத்தின் விளம்பரப் பலகையால் அந்தப் பெயர் பெற்ற 1830ஆம் ஆண்டுப் பாலம், 2020இல் இடித்துவிட்டார்கள்) எக்ஸ்பிரஸ்வேயை விட்டுப் பழைய சாலையில் திரும்பினேன். கோபோலியில் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது.

“ஏனுங்க, கியரைக் கொறைங்க!”

கத்தியது மனைவி. நாமக்கல் லாரி ஓட்டுநரின் மகள். நான் அப்போது செய்துகொண்டிருந்த காரியம் மிதியை மூன்றாவது முறையாக மிதித்தது. நான்காவதிலிருந்து மூன்றாவது கியர், பிறகு இரண்டாவது. இன்ஜின் அலறியது, கார் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் குலுங்கியது. வேகம் குறைந்தது. ஆனால் போதவில்லை. ஹாண்ட் பிரேக்கின் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு கொஞ்சம் இழுப்பதும் தளர்த்துவதுமாக இருந்தேன். ஒரேயடியாக இழுத்திருந்தால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, மழை ஈரத்தில் கார் சுழன்றிருக்கும். லாரிக்கு இடப்பக்கம் மலையடியில் மழைநீர்க் கால்வாய். காரை அதில் இறக்கினேன். பாறையில் கதவு உராய்ந்து, கண்ணாடி பிய்ந்து, கார் நின்றது.

மொத்தம் இருபது விநாடி இருக்குமா? சந்தேகம்தான். சிக்கி டப்பா திறந்து காரெங்கும் வெல்லத் துண்டுகள். முன் சக்கரங்களிலிருந்து கருகிய நாற்றம்.

நிஜமான அதிர்ச்சி அரை மணி நேரம் கழித்து வந்தது. மிதியைச் சும்மா அழுத்திப் பார்த்தேன். கல்போல் உறுதியாக இருந்தது. ஒன்றுமே நடக்காததுபோல!

கோபோலியிலிருந்து வந்த மெக்கானிக், ஐம்பது வயது மராட்டியர், பானெட்டைத் திறந்து பிரேக் எண்ணெய்க் குப்பியின் மூடியைக் கழற்றினார். விரலைத் தோய்த்து என் முகத்துக்கு நேரே காட்டினார். புது எண்ணெய் வெளிர் மஞ்சளாக இருக்கும். இது கறுப்புக் காப்பி. “எப்போது மாற்றினீர்கள்?” என்று இந்தியில் கேட்டார். கார் வாங்கி ஐந்து வருடம். ஒவ்வொரு சர்வீஸ் ரசீதிலும் ‘பிரேக் எண்ணெய்’ என்ற வரிக்கு எதிரே அழகாக ஒரு டிக் இருந்தது. பார்த்திருக்கிறார்கள், அளவு குறைந்தபோது ஊற்றியும் இருக்கிறார்கள். மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

பிரேக் எண்ணெய்க்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ரப்பர் குழாய்களின் வழியாகக்கூடக் காற்றின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். டாட் 3 என்ற வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்ஷியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான ஈரம் கலந்தாலே இந்த வரம்பு 140க்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் மிதியிலிருந்து காலை எடுக்காமல் வந்தால் பிரேக் தகடுகள் நூற்றுக்கணக்கான டிகிரிக்குச் சூடேறும். சூடு எண்ணெய்க்குப் பரவும், எண்ணெய் கொதிக்கும், ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். எனவே நம் கால் அழுத்துவது குமிழ்களைத்தான், சக்கரத்தை அல்ல. ஆறியதும் குமிழ்கள் மறைந்துவிடும், தடயமே இருக்காது. ஹாண்ட் பிரேக் என்னைக் காப்பாற்றியதற்குக் காரணம், அது எண்ணெயை நம்பாமல் வெறும் கம்பியால் பின் சக்கரங்களைப் பிடிப்பதுதான்.

“பிரேக் ஃபெயில் ஆகவில்லை சாப். நீங்கள் அதை வேகவைத்துவிட்டீர்கள்” என்றார் மெக்கானிக்.

அவர் சொன்னதில் பாதிதான் வாசகர்களுக்கு இதுவரை தெரியும். மீதியையும் சொல்லிவிடுகிறேன். அமிர்தாஞ்சன் பாலத்துக்கு மேலே, நல்ல இறக்கத்தில், பெட்ரோல் மிச்சம் பிடிக்க நான் பல இடங்களில் நியூட்ரலில் வந்தேன். படித்த முட்டாள்தனம். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவது அநேகமாக நின்றேவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சம் பெட்ரோல் தேவை. அதாவது நான் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை. இன்ஜின் சுமக்க வேண்டிய வேலையையும் சேர்த்து பிரேக்கின் தலையில் கட்டியிருந்தேன்.

லாரிகளில் விளைவு இன்னும் பயங்கரம். அவற்றின் பிரேக்குகள் காற்றழுத்தத்தில் இயங்குபவை. அந்தக் காற்றை நிரப்பும் கம்ப்ரஸரை ஓட்டுவது இன்ஜின். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினால், மிதிக்க மிதிக்கத் தொட்டியில் காற்று தீர்ந்துகொண்டே வரும். 2022 நவம்பர் 20 இரவு புணேயின் நவலே பாலம் அருகே ஒரு லாரி பல வாகனங்களை இடித்துத் தள்ளியது. பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் முதல் செய்தி. டீசலைச் சேமிக்க ஓட்டுநர் இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டார் என்பது பிறகு நடந்த விசாரணையில் தெரியவந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது ஓட்டுநரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ரயில்வேக்காரர்கள் இந்த மலையைப் பார்த்துச் சீக்கிரமே பயந்துவிட்டார்கள். 1863இல் இங்கே பாதை திறந்தது. சில இடங்களில் 37 அடிக்கு ஓரடி சரிவு. தறிகெட்டு வரும் வண்டியை எதிரேற்றத்தில் திருப்பி நிறுத்துவதற்கென்றே ‘கேட்ச் சைடிங்’ என்னும் தனித் தண்டவாளங்களை அமைத்தார்கள். ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் காட்டிய பிறகுதான் பிரதான தடத்துக்கு வழி கிடைக்கும். சாலையில் அப்படி யாரும் நம்மைச் சோதிப்பதில்லை. பழைய சாலையில் சிங்ரோபா கோயில் இருக்கிறது. ஆங்கிலேயர்களுக்கு மலைவழி காட்டிய ஆடு மேய்ப்பவர் என்றும், அதற்குப் பரிசாக அவரையே சுட்டுக் கொன்றார்கள் என்றும் கதை. ஓட்டுநர்கள் அங்கே காசு போட்டுவிட்டுப் போகிறார்கள். இழுவை வண்டியில் உட்கார்ந்து அதைக் கடந்தபோது என் மனைவியும் ஐந்து ரூபாய் நாணயத்தை வீசினாள். நான் எதுவும் சொல்லவில்லை.

மெக்கானிக் பழைய எண்ணெயை முழுக்க வடித்து, டாட் 4 ஊற்றி, நான்கு சக்கரங்களிலும் காற்றை வெளியேற்றினார். முன் பிரேக் பேடுகள் கண்ணாடிபோல் மினுமினுத்தன; அவற்றையும் மாற்றினார். வாங்கிய கூலி, புணே கல்யாணத்தில் நாங்கள் வைத்த மொய்யைவிடக் குறைவு.

அன்றிரவு மாமனாரிடமிருந்து தொலைபேசி வந்தது. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்பது அவர் தலைமுறை ஓட்டுநர்களின் பாலபாடம். அடி ஒன்றும் படவில்லையே என்று விசாரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார்.

“எந்த கியர்ல எறங்குனீங்க மாப்பிள்ளை?”

“ரெண்டாவதுலதாங்க மாமா” என்றேன்.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு காரிலிருந்து பொறுக்கியெடுத்த சிக்கித் துண்டுகளைத் தட்டில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.