போர்வெல் தண்ணீருக்கு வாட்டர் சாஃப்ட்னர்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

சோப்பு நுரைக்காதது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு, ஹீட்டர் அடிக்கடி பழுதாவது, குழாய் வாயில் சுண்ணாம்பு கட்டுவது. போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் பல வீடுகளில் இந்தத் தொல்லை உண்டு. இதற்குத் தீர்வாக வாட்டர் சாஃப்ட்னர் விற்பனை கிராமங்களுக்கும் வந்துவிட்டது. ஆனால், இந்தக் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாமல் வாங்கினால் பணமும் வீணாகும். கொல்லையில் நிற்கும் வாழையும் எலுமிச்சையும் கெட்டுப்போகும்.

உப்பு வேறு, கடினத்தன்மை வேறு

தண்ணீரில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும்தான் கடினத்தன்மைக்குக் காரணம். சாஃப்ட்னரில் உள்ள ரெசின் மணிகள் இவற்றைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு சோடியத்தைத் தண்ணீரில் விடும். அதனால் படிவு நிற்கும், நுரை வரும். ஆனால், மொத்த உப்பின் அளவு (டி.டி.எஸ்.) குறையாது. கரிக்கும் தண்ணீர், சாஃப்ட்னருக்குப் பிறகும் கரிக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் உள்ள ஃபுளோரைடு பிரச்சினையையும் இது தீர்க்காது.

முதலில் பரிசோதனை

சில விற்பனையாளர்கள் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் பழுப்பாக மாறுவதைக் காட்டுவார்கள். அது பெரும்பாலும் இரும்புக் கம்பி கரைவதால் வரும் நிறம். டி.டி.எஸ். மீட்டரும் கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காதபோது 600 மி.கி. வரை அனுமதி உண்டு. முடிவைப் பார்த்து இப்படித் தீர்மானிக்கலாம்:

• 200-க்குள்: சாஃப்ட்னர் தேவையில்லை.
• 200 முதல் 600 வரை: ஹீட்டர், வாஷிங் மெஷினுக்கு மட்டும் சிறிய கருவி போதும்.
• 600-க்கு மேல்: குளியலறைக்கும் சேர்த்துப் பொருத்தலாம்.
• டி.டி.எஸ். 2,000-க்கு மேல்: சாஃப்ட்னர் மட்டும் உதவாது. குடிக்க, சமைக்க மட்டும் ஆர்.ஓ. பற்றி யோசிக்கலாம்.

தண்ணீரைப் பிடித்து வைத்தால் செந்நிறமாகப் படிகிறது என்றால், சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பு வடிகட்டி தேவை. இல்லாவிட்டால் ரெசின் சீக்கிரம் கெடும்.

எந்த அளவு வாங்குவது?

குளிக்க, துவைக்க நாளுக்கு 500 லிட்டர் செலவாகும் வீட்டில், கடினத்தன்மை 600 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் நீக்க வேண்டியது 300 கிராம். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் 1,250 கிராம் பிடிக்கும். அதாவது நான்கு நாளைக்கு ஒருமுறை உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் சுமார் 4 கிலோ உப்பு என்றால், மாதம் 28 முதல் 30 கிலோ. கருவியின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மண், தூசி கலந்த உப்பைப் போட்டால் வால்வு அடைத்துக்கொள்ளும்.

குழாயில் மாட்டும் காந்தக் கருவிகள் கால்சியத்தை நீக்குவதில்லை. 'உப்பே போட வேண்டாம்' என்று சொல்லும் கருவியை வாங்குமுன், உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் பரிசோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

செடிக்கும் மாட்டுக்கும் தனிக் குழாய்

விவசாயக் குடும்பங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். 100 மி.கி. கடினத்தன்மையை நீக்கும்போது லிட்டருக்குச் சுமார் 46 மி.கி. சோடியம் சேரும். 600 மி.கி. உள்ள நீரில் இது 270 மி.கி.யைத் தாண்டும். சோடியம் சேரச் சேர களிமண் இறுகி, தண்ணீர் இறங்காது. பயிருக்குக் கால்சியம் உள்ள பழைய போர்வெல் தண்ணீரே மேல்.

எனவே, மேல்நிலைத் தொட்டியிலிருந்து குளியலறைக்கும் ஹீட்டருக்கும் போகும் குழாயில் மட்டும் சாஃப்ட்னரைப் பொருத்துங்கள். தோட்டம், மாட்டுத் தொட்டி, சமையலறைக்கான குழாயை அதற்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சாஃப்ட்னர் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. இதுவரை குளியலறைத் தண்ணீரை வாழை, எலுமிச்சைக்கு விட்டிருந்தால் அதை நிறுத்துங்கள். இவை உப்பைத் தாங்காதவை.

ஒவ்வொரு கழுவலிலும் 150 லிட்டருக்கும் மேல் உப்புக் கழிவுநீர் வெளியேறும். அதைத் தென்னம்பாத்தியிலோ மழைநீர் சேகரிப்புக் குழியிலோ விடக் கூடாது. குழியில் விட்டால் உங்கள் போர்வெல்லுக்கே உப்பு திரும்பும். ஊராட்சிக் கழிவுநீர் வாய்க்காலில் விடலாம். அது இல்லாத இடத்தில், தார்ப்பாய் விரித்த ஆழமில்லாத தொட்டியில் தேக்கி வெயிலில் வற்றவிடலாம். கழிவை விட இடமில்லாத வீட்டுக்கு சாஃப்ட்னர் ஏற்றதல்ல.

மழைநீரில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 800 லிட்டர் சேமிக்கலாம். மழைக்காலத்தில் இதைத் துவைக்கவும் ஹீட்டருக்கும் பயன்படுத்தினால், அத்தனை நாளும் உப்புச் செலவும் இல்லை, கழிவும் இல்லை.