வேகமானி ஏன் தாவுகிறது?

மோட்டார் சைக்கிள் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. வேகமானி 60 காட்டுகிறது. அடுத்த நொடியில் 0. பிறகு திடீரென 110. மலேசியாவில் 50 கிலோமீட்டர் எல்லையிட்ட பட்டணச் சாலையும் உண்டு, 110 கிலோமீட்டர் வரை அனுமதிக்கும் நெடுஞ்சாலையும் உண்டு. இப்படித் தாவும் கருவியை நம்பி இரண்டிலும் கணக்காக ஓட்டுவது எப்படி? சம்மன் வந்தபின் மீட்டர் மீது பழிபோட்டுப் பயனில்லை. பணவிரயமும் சேர்ந்துகொள்கிறது. பட்டறையில் அவசரப்பட்டு முதலில் மாற்றப்படுவது பெரும்பாலும் மீட்டர்தான். விலை உயர்ந்த அந்தப் பாகம் புதிதாக வந்தபின்னும் எண் தாவுமானால், கோளாறு வேறிடத்தில் இருந்தது என்பது அப்போதுதான் புலப்படும்.

ஆகவே, நம் வண்டியில் இருப்பது எந்த வகை வேகமானி என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். ஹோண்டா இ.எக்ஸ்.5 போன்ற வண்டிகளில் முன்சக்கரத்திலிருந்து ஒரு கேபிள் மேலே வருகிறது. அது மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, காந்தம் தன்னைத் தொடாமலேயே ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுத்து முள்ளை நகர்த்துகிறது. ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்ஸ் 1902-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறை இது. இதில் முள் ஆடினால் மின்சாரத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். கேபிள் வறண்டிருக்கும், அல்லது தேய்ந்திருக்கும். கழற்றி, துடைத்து, கிரீஸ் இட்டால் போதும், தேய்ந்ததை மாற்றிவிடலாம்.

எண்ணால் வேகம் காட்டும் வண்டிகளின் கதை வேறு. அவற்றில் கேபிள் இல்லை. கியர்ப்பெட்டியிலோ சக்கரத்திலோ சிறிய உணர்கருவி ஒன்று, அதாவது சென்சர், பொருத்தப்பட்டிருக்கும். பெரும்பாலானவை, 1879-இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் கண்டறிந்த காந்த விளைவைக் கொண்டு வேலை செய்பவை. பல் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் கடந்து செல்லும்போது சென்சர் ஒரு மின்துடிப்பை அனுப்பும். மீட்டர் செய்வதெல்லாம் அந்தத் துடிப்புகளை எண்ணுவதுதான். சிறிய மோட்டார் சைக்கிளின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர் என்று கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 9 முறைக்குச் சற்று அதிகமாகச் சுழலும். ஒரு சுற்றுக்குப் பத்துத் துடிப்பு என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 90-க்கு மேற்பட்ட துடிப்புகள். வழியில் பாதி தொலைந்தால் மீட்டர் 30 என்று காட்டும். இல்லாத துடிப்புகள் வந்து கலந்தால் 110 என்றும் காட்டும். மீட்டர் பொய் சொல்வதில்லை. தனக்கு வந்ததைச் சொல்கிறது.

இந்தச் சென்சருக்கு வழக்கமாக மூன்று வயர்கள். ஒன்று மின்சாரம் கொண்டுவருவது, ஒன்று துடிப்பை எடுத்துச் செல்வது, மற்றொன்று தரைவயர், நம் பட்டறைகளில் ‘எர்த்’ என்று சொல்லப்படுவது. மூன்றில் எது கெட்டாலும் எண் தாவும். எது கெட்டது என்பதைக் கண்டுபிடிக்க, கோளாறு எப்போது வருகிறது என்று கவனிப்பதே பாதி வேலை.

மீட்டர் முழுவதும் ஒருகணம் அணைந்து மீண்டும் எரிகிறதா? அப்படியானால் சென்சரை விட்டுவிட்டு, மீட்டருக்கு வரும் மின்சாரத்தையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். எரிபொருள் அளவும் கடிகாரமும் சரியாக இருக்க, வேகம் மட்டும் தாவினால் சந்தேகம் சென்சர் பக்கம் திரும்பும். ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் வந்தால், வண்டியின் கழுத்துப் பகுதியில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோன செம்பு இழைதான் காரணம். வெளியுறை பார்ப்பதற்குப் புதிதுபோலவே இருக்கும். மழைக்குப் பிறகோ, கடையில் நீரைப் பீய்ச்சிக் கழுவிய பிறகோ வந்தால் இணைப்பான்களில் ஈரம் புகுந்திருக்கிறது. நம் நாட்டு வெயிலும் மழையும் மாறி மாறி அடிப்பதில், இணைப்பானின் முனைகளில் பச்சைக் களிம்பு பூப்பது சாதாரணம்.

பிரேக்கை மிதித்தால், அல்லது சிக்னல் விளக்கு மினுக்கினால் வேகம் தாவுகிறது என்பார்கள் சிலர். இது பலரைக் குழப்பும் அறிகுறி. விளக்குக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? பல வீட்டு நீரும் ஒரே கால்வாயில் வடிவதாக எண்ணிப்பாருங்கள். கால்வாய் அடைத்துக்கொண்டால், மேல்வீட்டில் ஊற்றிய நீர் கீழ்வீட்டு முற்றத்தில் எழும்பும். எர்த் வயரும் அப்படித்தான். விளக்கும் மீட்டரும் சென்சரும் ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த இணைப்பில் துரு ஏறினால், விளக்கின் மின்னோட்டம் வடிய வழியின்றி மீட்டரின் எர்த்தையே மேலே தூக்கிவிடுகிறது. துடிப்பு எது, துடிப்பு இல்லாதது எது என்று மீட்டருக்குத் தெரியாமல் போகிறது.

வண்டி நின்றிருக்கும்போதே, எஞ்சினை முறுக்கினால் வேகம் காட்டுகிறதென்றால் அது தீப்பொறியின் வேலை. ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் மின்சாரம் பல்லாயிரம் வோல்ட். அதன் இரைச்சலை அடக்கவே பிளக்கினுள்ளோ அதன் தொப்பியினுள்ளோ மின்தடை வைக்கிறார்கள். பிளக்கில் அது பெரும்பாலும் 5 கிலோ ஓம் அளவில் இருக்கும். மலிவு என்றோ, ‘ரேசிங்’ என்றோ தடையில்லாத பிளக்கையும் தொப்பியையும் மாட்டியவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். தரமற்ற எல்.இ.டி. விளக்குகளும் இதே தொல்லையைத் தருவதுண்டு. அவற்றைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தாலே உண்மை தெரியும்.

இனி அளந்து பார்ப்போம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரே போதுமானது. எஞ்சின் ஓடாதபோது பேட்டரி 12.5 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சினைச் சற்று உயர்த்தி ஓட்டும்போது 13.5 முதல் 14.5 வரை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுக்கொண்டிருக்கிறது. அதைச் சீர்செய்யாமல் புது மீட்டர் வாங்கினால் அதுவும் பலியாகும்.

அடுத்தது எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையை மீட்டர் இணைப்பானின் எர்த்திலும் வையுங்கள். இணைப்பானைப் பிரிக்க வேண்டாம். சாவியைத் திருப்பி விளக்குகளைப் போட்டு, பிரேக்கையும் மிதியுங்கள். 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். அரை வோல்ட் காட்டினால் எர்த்தில்தான் குறை.

பிறகு சென்சர். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சாவியைத் திருப்புங்கள். துடிப்பு வயருக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தபடி, சென்சர் இருக்கும் பக்கத்துச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். கணக்கு 0-க்கு அருகிலிருந்து 5 வோல்ட்டுக்கும், சில வண்டிகளில் 12-க்கும், மாறி மாறி வர வேண்டும். சென்சர் முனையில் மாறியும் மீட்டர் முனையில் மாறாமலும் இருந்தால் இடையிலுள்ள வயர் அறுந்திருக்கிறது. சென்சர் முனையிலேயே மாறவில்லையானால், அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், சென்சரைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டிய இரும்புத்தூள் பல சமயங்களில் துடிப்பை மழுங்கடிக்கும், துடைத்துவிட்டால் போதும். இதற்கெல்லாம் பழைய பல்பு விளக்கால் சோதிக்க வேண்டாம். அது இழுக்கும் மின்னோட்டம் நல்ல சென்சரையும் கெடுத்துவிடக்கூடும்.

குறை தெரிந்தபின் பழுது எளிது. இணைப்பானைப் பிரிக்குமுன் சாவியை அணைத்து, களிம்பைத் தூரிகையாலும் துப்புரவுத் தெளிப்பாலும் நீக்கி, சிறிது கிரீஸ் தடவி மூட வேண்டும். அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. ஈயம் பற்றவைத்து, சூடேற்றினால் சுருங்கும் குழாயை மேலே போடுங்கள். கழுத்துப் பகுதியில் ஹேண்டில் முழுவதும் திரும்பும் அளவுக்கு வயரைத் தளர்வாக விடுவதும் அவசியம். ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் சக்கரச் சென்சரின் சேதி பிரேக்குக்கும் போகிறது. அங்கே எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தேர்ந்த பட்டறையிடமே விட்டுவிடுவது நல்லது.

இன்னுமொன்று. துடிப்புகள் தொலைந்த நாள்களில் ஓடிய தூரமும் பல வண்டிகளில் பதிவாகியிராது. மீட்டரின் கணக்குப்படி எண்ணெய் மாற்றுபவர்கள், இம்முறை அதை நம்பாமல் சற்று முன்னதாகவே மாற்றிவிட வேண்டும்.