காசநோய் மருந்து: ஆறு மாதம் ஏன்?

சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் இருமலும் காய்ச்சலும் தணியும். அத்துடன் நோய் நீங்கியதாகக் கருதி மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

நுரையீரலில் ஆக்சிஜன் குறைந்த இடங்களில், காசநோய்க் கிருமியின் 'டாஸ்ஆர்' என்னும் புரதம் ஏறத்தாழ 50 மரபணுக்களை ஒருசேர இயக்குகிறது. கண்மாயின் ஒரு மடையைத் திறந்தால் பல வயல்களுக்கு நீர் பாய்வதைப் போன்றது இது. அதனால் கிருமி பெருகாமல் உறங்குநிலையில் தங்குகிறது. பெருகும் கிருமிகளை விரைவில் அழிக்கும் மருந்துகள், உறங்கும் கிருமிகளை மெதுவாகவே அழிக்கின்றன. வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத சிகிச்சை தேவைப்பட இது ஒரு முக்கியக் காரணம்.

இடையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும்; மருந்துக்குக் கட்டுப்படாதவையாகவும் மாறக்கூடும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பகுதி அரசு மருத்துவமனைகளில் இம்மருந்துகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. வேலைக்காக வெளியூர் செல்ல நேர்ந்தால் முன்னதாகவே தெரிவியுங்கள். அங்கும் சிகிச்சையைத் தொடரலாம்.