800 கிராம் குறைந்தாலும் கவனியுங்கள்

தோட்டத்தில் ஓராள் இளைத்துப்போனால் 'யோசனையில மெலிஞ்சிட்டாங்க' என்பார்கள். இருமலும் சேர்ந்தால் காசநோயோ என்று பயப்படுவார்கள். நுரையீரல் புற்றுநோய் கடைசியாகத்தான் நினைவுக்கு வரும், அதுவும் சிகரெட், பீடி குடிப்பவர் என்றால். லயத்துக் காம்பராவில் அடைந்து நிற்கும் விறகடுப்புப் புகையையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறது.

தசையும் கரைகிறது

பட்டினி கிடப்பவரின் உடம்பு கொழுப்பைச் செலவழித்து, தசையை முடிந்தவரை காக்கும். புற்றுநோயில் அந்தக் காவல் இல்லை. கட்டி கிளப்பும் அழற்சி பசியை அடக்கி, தசை, கொழுப்பு இரண்டையும் கரைக்கிறது. வைத்தியர்கள் இதைக் கக்கெக்சியா என்பார்கள்.

2011இல் சர்வதேச நிபுணர்கள் வகுத்த அளவுகோல் இது: ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் கக்கெக்சியா. உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறைச் சுட்டி (BMI) 20க்குக் கீழே உள்ளவருக்கு 2 சதவீதத்தைத் தாண்டினாலே போதும். மலையகத்தில் பலருக்கு இந்த இரண்டாவது கணக்குத்தான் பொருந்தும். ஐந்தடி உயரமும் 40 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு 2 சதவீதம் என்பது வெறும் 800 கிராம். கொழுந்து மடுவத்தில் ஒரு கிலோவைக் கழித்தால் சண்டைக்குப் போகிறோம், உடம்பிலிருந்து போனதை யாரும் கேட்பதில்லை.

ஸ்கேன் காட்டுவது

தராசை மட்டும் நம்பவும் முடியாது. நெஞ்சில் நீர் கோத்தால், கால் வீங்கினால் எடை குறையாது, கூடவும் செய்யும். தசை அடியில் போய்க்கொண்டிருக்கும்.

சீ.டி. ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தியைச் சொல்லும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000. தசை −29 முதல் +150 வரை, கொழுப்பு −190 முதல் −30 வரை. இந்த எண்களை வைத்து மென்பொருள் தசைக்கு ஒரு நிறம், கொழுப்புக்கு ஒரு நிறம் பூசிப் பரப்பைக் கணக்கிடும். இடுப்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் எடுத்த ஒரேயொரு படமே முழு உடம்பின் தசை அளவை ஏறக்குறைய சொல்லிவிடும். நெஞ்சு ஸ்கேன் அவ்வளவு கீழே இறங்காவிட்டால் மேலே உள்ள முள்ளெலும்பு மட்டங்களில் அளக்கிறார்கள்.

இதற்காகப் புதிதாக ஸ்கேன் எடுக்க வேண்டாம், நோயைப் பார்க்க எடுத்ததே போதும். ஆனால் ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு இருக்கும், தசையின் அளவு பெரும்பாலும் இருக்காது.

இன்னொரு சிக்கல். 'தசை குறைவு' என்பதற்கு அதிகம் எடுத்தாளப்படும் எல்லைகள் கனடா நோயாளிகளை அளந்து வகுத்தவை. நம்முடைய சிறிய உடம்புக்கு அவற்றை அப்படியே பொருத்துவது சரியல்ல என்பேன். அதே ஆளின் பழைய ஸ்கேனோடு புதியதை ஒப்பிட்டால் எல்லையே தேவையில்லை.

தெரிந்து என்ன செய்ய?

கீமோ மருந்தின் அளவைப் பெரும்பாலும் உயரம், எடை பார்த்தே தீர்மானிக்கிறார்கள். தசை குறைந்தவருக்குப் பக்கவிளைவு கடுமையாவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எனவே வைத்தியருக்கு இது பயனுள்ள தகவல்.

சாப்பாட்டால் மட்டும் இந்த இழப்பை முழுதாக மீட்க முடியாது, ஆனால் சாப்பாடு இல்லாமலும் முடியாது. எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், அதாவது 40 கிலோ ஆளுக்கு 40 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ரொட்டியும் சம்பலும் இந்தக் கணக்குக்கு எட்டாது. பருப்பு, கடலை, நெத்தலி, மீன் சேர வேண்டும். 'முட்டை, மீன் கொடுத்தா கட்டி வளரும்' என்று நிறுத்திவிடுவது நோயாளியைத்தான் பலவீனமாக்கும். முடிந்த அளவு நடக்கவும் விடுங்கள்.

மாதம் ஒருமுறை எடையை கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். கண்டி ஆஸ்பத்திரிக்கோ மகரகம ஆஸ்பத்திரிக்கோ போகும்போது பழைய ஸ்கேன் சீடியையும் கையோடு கொண்டுபோங்கள். 'தசை எவ்வளவு குறைஞ்சிருக்கு, டாக்டர்?' என்று கேளுங்கள்.